மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு மனநிறைவு தந்த தருணம் எது?

பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, செய்வதெல்லாம் எடுபிடி வேலை, இதில் நிறைவு எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுபிடி என்ற அந்தச் சொல்லை நானும் தினமும் முணுமுணுத்தவன்தான். இரத்தம் எடுப்பது, ஆய்வகத்துக்கு ஓடுவது, வராத ரிப்போர்ட்டைத் தேடி அலைவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. இதற்காகவா உடற்கூறியலை விடிய விடிய மனப்பாடம் செய்தோம் என்று தோன்றும்.

எல்லாப் பிரிவிலும் நிறைவு கிடைத்தது என்று சொன்னால் அது பொய். அறுவை சிகிச்சைப் பிரிவில் வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டரை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன். நோயாளியின் வயிற்றைவிட எனக்கு முன்னால் நின்ற சீனியரின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

பிரசவ அறை அப்படியில்லை. குழந்தை பிறந்த 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் அப்கார் மதிப்பெண் போடுவது என் வேலை. வர்ஜீனியா அப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் 1952இல் வகுத்த முறை அது. நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, தசையின் முறுக்கு, மூச்சு என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். ஒருமுறை, துவண்டு கிடந்த குழந்தைக்கு முதல் நிமிடத்தில் 4 போட்டேன். குழந்தை மருத்துவர் முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்தார். ஐந்தாம் நிமிடத்தில் வீறிட்டு அழுதது, 9! நான்கே நிமிடத்தில் இப்படித் தேறிய மாணவனை எந்தப் பள்ளியிலும் பார்க்க முடியாது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கும் தருணம் பொதுமருத்துவப் பிரிவில், ஓர் இரவுப் பணியில் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். வலக்கை தொய்ந்திருந்தது. பக்கவாதம் என்று முடிவே கட்டி, சி.டி. ஸ்கேனுக்குப் படிவம் நிரப்பத் தொடங்கிவிட்டேன். அதற்குள் செவிலியர் அக்கா விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டார். 34. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. சர்க்கரை இப்படிச் சரிந்தால் மூளை தடுமாறி, பக்கவாதம் போலவே ஒரு பக்கம் செயலிழக்கலாம் என்று படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. சீனியர் இரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினார். சில நிமிடங்களில் கண் திறந்தது, வலக்கை போர்வையை இழுத்து விட்டுக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான்! கூச்சமாக இருந்தது. கண்டுபிடித்தது அக்கா, மீட்டது சீனியர்.

இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தபோது சர்க்கரை 58க்கு இறங்கியிருந்தது. சீனியர் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பைத் தொடரச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடினார். வார்டில் உட்கார நேரம் உள்ள ஒரே ஆள் நான்தான். மகளிடம் மாத்திரைப் பையை வாங்கிக் கட்டில் ஓரத்தில் கொட்டினேன். ஏழெட்டு அட்டைகள். ஒவ்வொன்றாகத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்தேன். ஒரு பச்சை அட்டை, ஒரு வெள்ளை அட்டை. இரண்டிலும் கிளிமிபிரைடு என்ற அதே சர்க்கரை நோய் மருந்து.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வேறோர் இடத்தில் காட்டியபோது வேறு கம்பெனி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மகள் இரண்டையும் நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறார், அக்கறையாக. இரத்தத்தில் சர்க்கரை குறைந்த பிறகும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும் மருந்து அது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் நெடுநேரம் தங்கும். காலையில் வந்த ரிப்போர்ட்டில் இவருக்குக் கிரியாட்டினின் கூடியிருந்தது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மறுபடி நினைவிழந்திருப்பார். ஒரு முழு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று சீனியரும் சொன்னார்.

இரண்டு அட்டைகளையும் அவரிடம் நீட்டியபோது பாராட்டெல்லாம் இல்லை. "ம், கேஸ் ஷீட்டில் எழுது" என்றார். எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதும்போதுதான் நான் மருத்துவன் என்று முதல்முறையாக எனக்கே நம்பிக்கை வந்தது. கையில் கருவி எதுவும் இல்லை, பேனாதான் இருந்தது. போகும்போது மகளுக்கு ஒரு தாளில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, எந்த மாத்திரை எப்போது என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கிளிமிபிரைடு அதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். பெரிய டாக்டரின் அறையில் கூட்டமே இல்லை. அதைத் தாண்டி என் மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்தார். "நீயே பார்த்துச் சொல் தம்பி."

பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. அட்டைகளுக்கு அடியில் நான் எழுதிய தாள் நான்காக மடித்து இருந்தது, மடிப்பெல்லாம் நைந்து.