நான்கு கிலோமீட்டர் கூடிப்போச்சு: வேகக் கேமரா பற்றிய கேள்வி பதில்

வாகன வேகம் அளக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “கொஞ்சம்தான் கூடிப்போச்சு, மாட்டிக்குவேனா?” இந்தத் தடவை வந்த கேள்விகளை ஒன்றுசேர்த்துப் பதில் சொல்கிறேன். வேகம் எல்லாமே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

கேள்வி: 50 போட்ட சாலையில் கேமராவைத் தாண்டும்போது பார்த்தேன், முள் 54-ல் இருந்தது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நோட்டீஸ் வருமா சார்?

முதலில் அந்த 54-ஐப் பார்ப்போம். அது முள் சொன்ன வேகம். வண்டி போன வேகம் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. வாகன விதி எண் 39 இதைத்தான் பேசுகிறது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை. அதாவது வண்டி சரியாக 50-ல் போகும்போது முள் 59 வரை காட்டினாலும் அந்த விதிப்படி தப்பில்லை. 49 காட்டினால் தப்பு.

அதனால் கார் செய்பவர்கள் பெரும்பாலும் முள்ளைக் கொஞ்சம் மேலே தள்ளித்தான் வைப்பார்கள். வண்டியோடு வந்த அதே அளவு டயர் இருக்கிறது என்றால், நீங்கள் 54 பார்த்தபோது வண்டி 54-லோ அதற்குக் கீழேயோதான் போயிருக்கும். 50, 51 ஆகக்கூட இருந்திருக்கலாம். இதற்குமேல் கருவியின் பிழைக்காகச் சில நாடுகள் கொஞ்சம் கழித்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் பொதுவாக 100 வரை 3 கிலோமீட்டர், அதற்கு மேல் மூன்று சதவீதம்.

வரவே வராது என்று நான் உறுதி கொடுக்க முடியாது, அது உங்கள் ஊர் அதிகாரிகள் கையில் இருக்கிறது. ஆனால் தூக்கத்தைத் தொலைக்கும் அளவு விஷயம் இதில் இல்லை. தேதி, நேரம், இடம், முள் காட்டிய எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வண்டிப் பதிவில் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்து, கெடு தாண்டி, சின்ன அபராதம் பெரிதாகிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேள்வி: கருவிக்கு விட்டுக்கொடுப்பு இருக்கிறது, முள்ளும் கூட்டிக் காட்டுகிறது. அப்படியென்றால் பத்து சதவீதம் கூட்டியே ஓட்டலாம்தானே?

வேண்டாம். அந்த விட்டுக்கொடுப்பு கருவிக்குக் கொடுத்தது, உங்களுக்குக் கொடுத்தது இல்லை. எந்த அளவீட்டிலும் சிறு ஐயம் இருக்கும், அதன் பலன் ஓட்டுநருக்குப் போகட்டும் என்பதுதான் அதன் பொருள். பிரிட்டனில் எல்லைக்கு மேல் பத்து சதவீதமும் மணிக்கு 2 மைலும் என்று ஒரு கணக்கைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது காவல்துறைக்கான வழிகாட்டுதல் மட்டுமே. எல்லையைத் தாண்டிய நொடியே சட்டப்படி குற்றம்தான்.

சட்டத்தை விடுங்கள், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உலர்ந்த சாலை, நல்ல பிரேக், ஆபத்தைப் பார்த்து மிதிக்க ஒரு நொடி, மிதித்தபின் ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 7 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ல் வரும் கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்கிறது, கார் அதைத் தொடவில்லை. அதே காரை 55-ல் ஓட்டிப் பாருங்கள். குழந்தை நிற்கும் இடத்துக்கு வரும்போது அது இன்னும் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். 60-ல் வந்த கார் அதே இடத்தைத் தாண்டும்போது வேகம் 40.

வெறும் ஐந்து கிலோமீட்டர் கூடியதற்கு 28 கிலோமீட்டர் மோதலா என்று தோன்றும். அந்த ஒரு நொடியில் வண்டி கூடுதல் தூரம் ஓடிவிடுகிறது, பிரேக் போடும் தூரமோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்கு. இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து “கொஞ்சம்தானே” என்ற சொல்லை நான் வேகத்துக்குச் சொல்வதில்லை.

கேள்வி: ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்கூடக் கேமராவுக்கு எப்படித் தெரிகிறது? நம்பவே முடியவில்லை.

எனக்குப் பிடித்த கேள்வி இது. கேமரா சாட்சிதான், வேகத்தை அளப்பது பெரும்பாலும் வேறு கருவி.

ரேடார் வகை என்றால் 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவு. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். பரவலாகப் பயன்படும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் வேகத்தின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். அதை எண்ணுவது மின்னணுவியலுக்குச் சுலபம். லேசர் வகை, ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பித் தூரம் எவ்வளவு குறைந்துகொண்டே வருகிறது என்று பார்க்கும். இன்னொரு வகையில் சாலைக்குள் கம்பிச் சுருளோ அழுத்த உணரியோ பதித்திருப்பார்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக எடுத்த நேரம்தான் கணக்கு.

அப்புறம் இரண்டு படம். சாலையில் வெள்ளைக் கோடுகள் போட்டு, அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும் கேமராக்கள் உண்டு. அரை நொடியில் 50-ல் போகும் வண்டி 6.94 மீட்டர் நகரும், 54-ல் போனால் 7.5 மீட்டர். கோட்டை எண்ணினால் ரேடார் சொன்னது சரியா என்று தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவிகளின் தொடக்கத்தில் இருப்பவர் மாரிஸ் காட்சோனிடஸ் என்ற டச்சு ராலி ஓட்டுநர், 1953-ல் மாண்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டப் பழகத்தான் அவர் முதலில் கருவி செய்தார். காட்சோ என்ற கேமராப் பெயர் அவரிடமிருந்து வந்தது.

கேள்வி: ஃபிளாஷ் அடித்தது. போச்சா?

அடித்தது பக்கத்து லேன் வண்டிக்காக இருக்கலாம், சிக்னல் மீறிய வேறொருவருக்காகவும் இருக்கலாம். அதேபோல் ஃபிளாஷ் அடிக்கவில்லை என்று நிம்மதியும் அடைய முடியாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் கேமராக்கள் நிறைய வந்துவிட்டன.

கேள்வி: கேமராவைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்திவிட்டேன். தப்பித்திருப்பேனா?

கையில் பிடிக்கும் லேசர் கருவி பல நூறு மீட்டர் தூரத்திலேயே அளந்துவிடும். உங்கள் கண்ணில் பட்டபோது அநேகமாக வேலை முடிந்திருக்கும். நிலையான கேமரா என்றால் அது அளக்கும் இடம் சின்னது, அங்கே என்ன வேகம் என்பதுதான் முக்கியம். ஆனால் அந்தத் திடீர் பிரேக் எனக்குப் பிடிக்கவே இல்லை. பின்னால் வருபவர் கேமராவைப் பார்க்கவில்லை, உங்கள் பின்விளக்கைத்தான் பார்க்கிறார். அபராதத்துக்குப் பயந்து ஒரு மோதலை வரவழைக்காதீர்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள், போதும்.

கேள்வி: சராசரி வேகம் பார்க்கும் கேமராவாம். 80 எல்லை. நடுவில் ஒரு லாரியைத் தாண்ட 84 போய்விட்டேன். மாட்டிக்கொண்டேனா?

இரண்டு கேமராக்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் என்று வைப்போம். 80-ல் போனால் 450 நொடி. நீங்கள் 2 கிலோமீட்டரை 84-லும் மீதி எட்டை 80-லும் ஓட்டியிருந்தால் ஏறக்குறைய 446 நொடி, சராசரி 80.8. முள் கூட்டிக் காட்டுவதையும் சேர்த்தால் நீங்கள் எல்லைக்குள்ளேயே இருந்திருக்கலாம். நடுவில் இன்னொரு 2 கிலோமீட்டரை 75-ல் போயிருந்தீர்கள் என்றால் கணக்கு 452 நொடிக்கு வந்துவிடும், சராசரி 80-க்குக் கீழே. இந்த வகையில் ஒரு கணத் தவறு பெரிதாகத் தெரியாது, தொடர்ந்த அவசரம் தெரிந்துவிடும். அதனால்தான் இதை நியாயமான முறை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பகுதியிலேயே வேகத்தை நேரடியாக அளக்கும் வேறு கருவியும் இருக்கலாம், மறக்க வேண்டாம்.

கேள்வி: போன மாதம் பெரிய டயர் மாற்றினேன். ஏதாவது வித்தியாசம் வருமா?

வரும். இங்கேதான் நான் மேலே சொன்ன ஆறுதல் செல்லாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் முள் நகர்கிறது. டயரின் சுற்றளவு மூன்று சதவீதம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி மூன்று சதவீதம் அதிகம் போகும், முள்ளுக்கு அது தெரியாது. உண்மையில் 80 போய்க்கொண்டிருந்த அதே முள்நிலையில் இப்போது 82.4 போவீர்கள். தேய்ந்த டயரைக் கழற்றிப் புதிது போட்டாலும், அளவு அதேதான் என்றாலும், இரண்டு சதவீதம் வரை மாறலாம். கையேட்டில் சொன்ன அளவையே போடுங்கள்.

கேள்வி: போனில் ஜிபிஎஸ் 76, முள் 80. எதை நம்புவது?

திறந்த வானத்தின் கீழ், சீரான வேகத்தில் ஜிபிஎஸ்தான் உண்மைக்கு அருகில். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் பின்தங்கும், சுரங்கப்பாதையில் கைவிட்டுவிடும். எனவே முள்ளைப் பார்த்தே ஓட்டுங்கள்.

கேள்வி: நம்பர் பிளேட்டில் அடித்தால் படத்தில் விழாத ஸ்பிரே விற்கிறார்களே?

தொடாதீர்கள். சின்ன வேகக் குற்றத்தை மறைக்கப்போய், எண்ணை மறைத்த பெரிய குற்றத்தில் சிக்குவீர்கள்.

கேள்வி: “வேகமாகச் சென்றதற்கு அபராதம், இன்றே கட்டவும்” என்று லிங்கோடு குறுஞ்செய்தி வந்தது. நேற்றுத்தான் ஒரு கேமராவைத் தாண்டினேன். கட்டிவிடட்டுமா?

பொறுங்கள். இந்தப் பயத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே செய்தியை அனுப்புகிறார்கள். கேமராவைத் தாண்டாதவர் யார்? யாருக்காவது பொருந்தும். லிங்கைத் தொடாமல், அதிகாரபூர்வ தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் கட்டலாம், இல்லாவிட்டால் செய்தியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: 80-லிருந்து 50-க்குக் குறையும் இடத்தில் பலகையைத் தாண்டியதும் கேமரா. குறைக்க நேரமே தரவில்லை. இது அநியாயம் இல்லையா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 50 என்பது பலகை நிற்கும் இடத்திலிருந்தே செல்லும். பலகையைப் பார்த்தபின் குறைக்கத் தொடங்க வேண்டும், பலகைக்கு வரும்போது 50-ல் இருக்க வேண்டும். பலகையை மரம் மறைத்திருந்தது என்றால் கதை வேறு. உடனே படம் எடுத்து வையுங்கள், முறையீட்டில் உதவும்.

கேள்வி: கல்லூரி மாணவன், புதிதாக ஓட்டுகிறேன் அண்ணா. கேமரா பயத்தில் கண் முள்ளிலேயே இருக்கிறது.

தம்பி, அது ஆபத்து. 50-ல் போகும்போது ஒரு நொடி முள்ளைப் பார்த்தால் 14 மீட்டர் கண்மூடி ஓட்டியதற்குச் சமம். வண்டியில் வேகக் கட்டுப்பாட்டு வசதி இருந்தால் எல்லையில் வைத்துவிட்டு ரோட்டைப் பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிய கார்களில் எல்லையை நினைவூட்டும் கருவி கட்டாயம். அது இல்லாத வண்டி என்றால், எந்தக் கியரில் எந்தச் சத்தத்துக்கு என்ன வேகம் என்று காது பழகும்வரை எல்லைக்கு மூன்று நான்கு கீழே ஓட்டு. இறக்கத்தில் மட்டும் முள்ளை அடிக்கடி பார்த்துக்கொள், வண்டி சொல்லாமலே ஏறிவிடும்.

கேள்வி: வாடகைக் கார். எத்தனை நாள் கழித்து “இனி வராது” என்று நினைக்கலாம்?

நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் முதல் நோட்டீஸ் பதிவு உரிமையாளருக்கு 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் பதிவு உரிமையாளர் வாடகை நிறுவனம். அவர்கள் உங்கள் பெயரைச் சொல்லி, பிறகு உங்களுக்கு வர வாரக்கணக்காகும். ஒப்பந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நோட்டீஸ் வந்தேவிட்டது. முள்ளில் 62 பார்த்தேன், நோட்டீஸில் 56 என்று இருக்கிறது. எல்லை 50. கருவி தப்பாக அளந்திருக்கிறது என்று வழக்காடலாமா?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். முள் கூட்டிக் காட்டியது, கருவி உண்மையை அளந்தது. சில இடங்களில் பிழைக்கான கழிவைக் கழித்தபின் வரும் எண்ணைத்தான் நோட்டீஸில் போடுவார்கள். வித்தியாசம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை வைத்து வழக்காட இடமில்லை. படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டி எண் உங்களுடையதா, நேரமும் இடமும் நீங்கள் எழுதி வைத்ததோடு ஒத்துப்போகிறதா, படத்தில் இன்னொரு வண்டி நெருக்கமாக இருக்கிறதா, கருவியின் சோதனைச் சான்று அந்தத் தேதியில் செல்லுபடியாக இருந்ததா என்று பாருங்கள். நான்கும் சரி என்றால் கெடுவுக்கு முன்னால் கட்டிவிடுங்கள். சீக்கிரம் கட்டினால் தொகை குறையுமா என்பதையும் நோட்டீஸில் பாருங்கள், பல இடங்களில் குறைக்கிறார்கள்.