ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியனுக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்?

நார்வேயின் வடக்கே இருக்கும் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டு தீவுகளின் லாங்யியர்பியன் விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் ஓஸ்லோ - ட்ரோம்சோவை விட நீளமாகத் தெரிவதால், இரண்டரை மணி நேரமாவது ஆகுமோ என்ற சந்தேகமும் உங்களுக்கு.

அவ்வளவு ஆகாது. நேர்கோட்டில் சுமார் 960 கி.மீ. தான். ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு ஊர்களிலும் ஒரே கடிகார நேரம்தான், அதனால் டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

வரைபடத்தைப் பார்த்து நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். நாம் வழக்கமாகப் பார்க்கும் தட்டை வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்க இழுத்துக்கொண்டே போகும். ட்ரோம்சோ அருகே கிட்டத்தட்ட மூன்று மடங்கு, லாங்யியர்பியன் அருகே ஐந்து மடங்கு. அதனால் இந்த வழி ஓஸ்லோ - ட்ரோம்சோவை விட மூன்றில் ஒரு பங்கு நீளமாகத் தெரிகிறது. உண்மையில் 150 கி.மீ. குறைவு. ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு அட்சரேகையைப் பாருங்கள். ட்ரோம்சோ ஏறக்குறைய 69.7 டிகிரி, லாங்யியர்பியன் 78.2. வித்தியாசம் எட்டரை டிகிரி, ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ விடை வந்துவிடும். கிழக்கு மேற்கு வித்தியாசத்தை இங்கே பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் தீர்க்கரேகை டிகிரி, 78 டிகிரி அட்சரேகையில் வெறும் 23 கி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது.

நான் போனது மார்ச் மாதம். பாதி வழியில் கரடித்தீவு இருக்கிறது, ஆனால் மேகத்தில் அது கண்ணில் படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே கடலும் மேகமும்தான். அப்புறம் திடீரென்று வெள்ளை மலைகள். இந்த விமான நிலையம் 1975-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதையை உறைநிலத்தின், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். விமானமே வராத காலத்தில், கடல் உறைந்துவிட்டால் இங்கே இருந்த நிலக்கரிச் சுரங்க ஊழியர்கள் மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. அதை நினைத்துக்கொண்டே இறங்கியபோது ஒன்றரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதுதான், ஆனால் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு) வெளியே. உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைக்காதீர்கள், பாஸ்போர்ட் சோதனை உண்டு. திரும்பி வருவது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்காகும், அதனால் இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

இணைப்பு விமானத்துக்கு நிறைய இடைவெளி விடுங்கள். நான் திரும்பும் நாளில் வானிலை கெட்டு, வர வேண்டிய விமானம் வரவே இல்லை. மறுநாள் மதியம்தான் கிளம்பினோம். ஓஸ்லோவிலிருந்து ஊருக்குப் போகும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தேன், அதனால் அது வீணாகவில்லை.