கடுகைப் பொறுக்காதீர்கள்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எச்.டி. 189733 என்ற விண்மீனின் குறுக்கே அதன் கோள் போகும்போது வெளிச்சம் குறைவதை, எட்டு அங்குல டெலஸ்கோப்பை வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் படமெடுத்தோம். பள்ளம் தெரிகிறது, ஆனால் புள்ளிகள் கடுகைக் கொட்டியதுபோலச் சிதறிக் கிடக்கின்றன. துறை இதழில் வரப்போகிற வரைபடம் இது. நகரும் சராசரி (ஒவ்வொரு புள்ளிக்கும் பதில் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்த சராசரி) எடுத்து வழவழவென்று ஒரே கோடாகப் போட்டுவிடலாம் என்கிறான் கூட்டாளி. எங்கேயோ போய் நிற்கும் ஏழெட்டுப் புள்ளிகளை எடுத்துவிடலாமா?

பதில்: கூட்டாளி பேச்சைக் கேட்காதீர்கள். கடுகு கடுகாகவே இருக்கட்டும். எல்லாப் புள்ளிகளையும் வெளிர் சாம்பல் நிறத்தில் போடுங்கள். அவற்றின் மேல், பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சராசரி எடுத்து, பெரிய கரும்புள்ளியாக, எவ்வளவு தப்பியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோட்டோடு வையுங்கள்.

நகரும் சராசரி மேல் எனக்கு என்ன கோபம் என்றால், அது ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்பக் கணக்கில் சேர்க்கிறது, அதனால் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, வெறும் இரைச்சல்கூட அலை அலையாக ஏதோ நடப்பதுபோலத் தெரியும். அப்புறம், அந்தக் கோள் கடப்பது மொத்தமே சுமார் 1.8 மணி நேரம். அதில் விளிம்பைத் தொட்டு முழுதாக உள்ளே நுழைய 25 நிமிடம்போல ஆகும். அரை மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் ஓரம் மழுங்கி, பள்ளத்தின் வடிவமே போய்விடும். தனித்தனிக் கட்டாகப் பிரித்தால் 25 புள்ளிக்குச் சிதறல் ஐந்தில் ஒரு பங்காகும், அதுவும் ஒவ்வொரு பிழையும் தன்பாட்டுக்கு இருந்தால்தான். மெல்லிய மேகம் ஒன்று கடந்தால் இருபது புள்ளியும் சேர்ந்தே இறங்கும், சராசரி அங்கே உதவாது.

1929-ல் வானியலாளர் எட்வின் ஹபிள் வெளியிட்ட வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். 24 விண்மீன் மண்டலங்களின் தூரமும் வேகமும். சிதறல் உங்களுடையதைவிட மோசம். மனிதர் எதையும் ஒளிக்கவில்லை: தனிப் புள்ளிகள் கறுப்பாக, அவற்றையே 9 குழுவாகச் சேர்த்தது வெறும் வட்டமாக, இரண்டுக்கும் தனித்தனிக் கோடு. ஒன்றின் சரிவு, அதாவது தூரத்தோடு வேகம் கூடும் விகிதம், 465, மற்றதன் சரிவு 513. எதை நம்புவது என்று படிப்பவரே முடிவு செய்யலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், 465-க்கு அவர் கொடுத்த பிழை வெறும் 50, இன்றைய மதிப்போ 70-ஐ ஒட்டி. தூரத்தை அளந்த அளவுகோலே தப்பு. எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகத் தப்பினால் அது சிதறலில் தெரியாது, அதனால் எந்த விண்மீனோடு ஒப்பிட்டு வெளிச்சத்தை அளந்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

தரவைச் சுத்தம் செய்வதே பாவம் என்று சொல்லவில்லை. 2016-ல் லைகோ என்ற அமெரிக்க ஆய்வகம் வெளியிட்ட ஈர்ப்பு அலை வரைபடத்தில் 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டியிருந்தார்கள். அதன் இரண்டு கருவிகளில் ஹான்ஃபோர்டில் இருப்பதன் சிக்னலைத் தலைகீழாக்கி, 6.9 மில்லிசெகண்டு நகர்த்தி, லிவிங்ஸ்டனில் இருப்பதன் சிக்னல்மேல் வைத்திருந்தார்கள். அத்தனையும் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது, தரவும் பொதுவில் கிடைத்தது.

சரி, அந்த ஏழெட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றின் மூலப் படத்தையும் திறந்து பாருங்கள். செயற்கைக்கோள் கோடு போட்டிருக்கிறதா, டெலஸ்கோப் ஆடியிருக்கிறதா? காரணம் கிடைத்தால் கணக்கிலிருந்து நீக்கலாம், ஆனால் வரைபடத்தில் பெருக்கல் குறியாக அவை இருக்கட்டும். காரணம் கிடைக்காவிட்டால் பள்ளத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது, உள்ளேயே விடுங்கள்.

அனுப்புமுன் அச்சுகளில் அலகு சரியா என்று பாருங்கள். ஹபிள் வரைபடத்தில் வேகத்துக்கு வெறும் 'கி.மீ.' என்றே அச்சாகியிருக்கிறது, 'வினாடிக்கு' என்பதைக் காணோம்.