விரல்கள் மடங்கிக்கொண்டே போகின்றன, வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. ஸ்க்ளீரோடெர்மா என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. விரல்கள் மடங்கியே நிற்பதால் சோறு பிசைய முடியவில்லை, வாயும் முன்போல் திறப்பதில்லை. ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து தினமும் அழுத்தச் சொல்கிறேன், பலன் தெரியவில்லை. பிசியோதெரபிக்கு அடிக்கடி போக வசதி இல்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். பந்தை அழுத்தும்போது வேலை செய்வது விரலை மடக்கும் தசைகள், அம்மாவின் விரல்களோ ஏற்கெனவே மடங்கித்தான் நிற்கின்றன. இந்த நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, தோலும் அதன் அடியில் இருக்கும் திசுவும் தடித்து இறுகிவிடுகின்றன. அதனால் அவருக்கு இப்போது முக்கியம் பிடிப்பு வலு இல்லை, நீட்டிக்கொடுப்பதுதான்.

அம்மாவின் கையைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு சரியாக மடங்காது, நடு மூட்டு நிமிராது, கட்டைவிரல் உள்ளே ஒட்டிக்கொண்டு வரும். அதாவது ஒரே விரலில் ஒரு மூட்டை மடக்க வேண்டும், இன்னொன்றை நிமிர்த்த வேண்டும். இது தெரியாமல் மொத்த விரலையும் பிடித்து இழுப்பதில் பயனில்லை.

கைகளைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், அம்மாவின் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பிறகு துடைத்து, தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி, ஒவ்வொரு விரலாக, அடி மூட்டை மெதுவாக மடக்கி பத்து நொடி, நடு மூட்டை நிமிர்த்தி பத்து நொடி, ஒவ்வொன்றும் பத்துத் தடவை. கட்டைவிரலை ஒரு டம்ளரைப் பிடிக்கப்போவது போல அகலமாக விரித்துப் பிடிக்க வேண்டும். நன்றாக இழுக்கிற உணர்வு வரை போகலாம், சுரீரென்று வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தோல் வெளுக்கும்வரை இழுக்கவே கூடாது. விரல் நுனியிலோ மூட்டின் மேலோ புண் இருந்தால் அந்த விரலை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், நீரிலும் ஊறவைக்க வேண்டாம். மெழுகு ஒத்தடமும் அப்படித்தான், புண் இருக்கும்போது கூடாது.

வாய்க்கு: வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து பத்து நொடி, 'ஈ' என்று இழுத்து, 'ஊ' என்று குவித்து, கன்னத்தில் காற்றை நிறைத்து. அப்புறம் கையைக் கழுவிவிட்டு, கட்டைவிரல்களை வாயின் இரு ஓரங்களில் கொடுத்து மெதுவாக வெளிப்பக்கம் இழுக்கலாம். அவர் விரல் ஒத்துழைக்காவிட்டால் நீங்கள் செய்யுங்கள். பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் விட்டுப்போகாது, வாய் சுருங்கச் சுருங்கப் பல் மருத்துவம் பார்ப்பதே கஷ்டமாகிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளிர்ந்தால் விரல் வெளுத்து நீலம் பாய்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் அப்படித்தான் தொடங்குகிறது. மார்கழிக் காலையில், ஏசி அறையில், பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு பயிற்சி வேண்டாம்.

நடைப்பயிற்சியும் அவசியம், ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: விரலில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தப்பான எண் காட்டலாம், குறைவாகக் காட்டிப் பயமுறுத்தும். காதுமடலில் மாட்டும் வகை கிடைத்தால் நல்லது. ஆனால் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். சாப்பிட்டவுடன் குனிந்து நிமிரும் பயிற்சி வேண்டாம், நெஞ்செரிச்சல் கூடும்.

மாதம் ஒருமுறை அம்மாவின் கையை ஒரு தாளில் வைத்து பேனாவால் சுற்றி வரையுங்கள், தேதி போடுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே ஸ்கேலால் அளந்து அதே தாளில் எழுதுங்கள். அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கொண்டுபோனால், அந்த ஒரு நாளிலேயே எந்த மூட்டுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும், விரலை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் பட்டை தேவையா என்று அவரால் சொல்ல முடியும்.