கோழி நம்மளது, ஆனா கூண்டுல மாட்டுன மிருகம் நம்மளது இல்ல

கேள்வி: மேடம், நாங்க சிறுமலை அடிவாரத்துல இருக்கோம். வீட்டுக்கு பின்னாடி நாப்பது நாட்டுக்கோழி வளத்தேன், ரெண்டு மாசத்துல பதினாலு போச்சு. ராத்திரியில வந்து கழுத்த கடிச்சு ரத்தத்த குடிச்சுட்டு போட்டுட்டு போயிருது. என் மகன் (20 வயசு, காலேஜ் படிக்கறான்) இரும்புக் கூண்டுல செத்த கோழிய வெச்சு ஒண்ண புடிச்சான். பூனை மாதிரி இருந்துச்சு, சிலர் மரநாய்ங்கறாங்க, சிலர் புனுகுப்பூனைங்கறாங்க. அடிக்கல, கொல்லல, பைக்ல கொண்டுபோய் மலைக்காட்டுல விட்டுட்டு வந்துட்டான். அத வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். இப்ப ஃபாரஸ்ட்ல இருந்து வந்து திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லிட்டு போயிருக்காங்க. உயிரோட விட்டதுக்கெல்லாம் கேஸா? என் கோழிக்கு யாரு பதில் சொல்லுவா?

பதில்:

அக்கா, உங்க லெட்டர படிச்சதும் எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு, காலைல கூட்ட தொறந்தா அடைக்கு வெச்ச கோழியும் சேந்து செத்து கெடக்கும், அன்னைக்கு முழுக்க அம்மா சாப்புட மாட்டாங்க. அதனால உங்க வயித்தெரிச்சல் எனக்கு நல்லா புரியுது. ஆனா மொதல்ல தம்பி விஷயத்த பேசிருவோம், அதுக்குத்தான் நாள் கம்மியா இருக்கு.

உயிரோட விட்டுட்டோமேன்னு நீங்க நெனைக்கறது நியாயமான நெனப்பு, ஆனா சட்டம் அப்படி பாக்கல. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ன்னா கொல்றது மட்டும் இல்ல, புடிக்கறது, கண்ணி வைக்கறது, பொறி வைக்கறது, இரை வெச்சு வரவழைக்கறது, வெஷம் வைக்கறது, வெரட்டறது, இதுக்கெல்லாம் முயற்சி பண்றது கூட வேட்டைதான், பிரிவு 2(16)ல அப்படியே எழுதியிருக்கு. கூண்டு உங்க பட்டா நெலத்துல இருந்துச்சா, செத்தது உங்க கோழியா, இதெல்லாம் குத்தத்த இல்லாம ஆக்காது. பிரிவு 11(2)ல ஒரு விலக்கு இருக்கு, ஆனா அது மனுச உயிர காப்பாத்திக்க நல்ல எண்ணத்தோட அடிச்சாத்தான். கோழி, ஆடு, மாட்ட காப்பாத்த அடிச்சா அந்த விலக்கு கெடைக்காது. இது தெரியாமத்தான் கிராமத்துல நெறைய பேரு மாட்டிக்கறாங்க.

இப்ப எது முக்கியம்னா, புடிச்சது என்ன மிருகம்ங்கறது. 2022ல சட்டத்த திருத்துனாங்க, அது 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு, மிருகங்கள மொதல் அட்டவணை ரெண்டாவது அட்டவணைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. மொதல் அட்டவணையில வர்ற மிருகம்னா தண்டனை கொறஞ்சது 3 வருசம், 7 வருசம் வரைக்கும் போகலாம், அபராதம் 25,000க்கு கொறையாம. ரெண்டாவதுன்னா 3 வருசம் வரைக்கும் ஜெயிலோ 1 லட்சம் வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ, கொறஞ்சபட்ச தண்டனைன்னு எதுவும் இல்ல. அதோட கொறஞ்சபட்ச ஜெயில் இருக்கற குத்தத்த பணம் கட்டி சமரசமா முடிக்கவும் முடியாது, பிரிவு 54 அத தடுக்குது, மத்ததுன்னா அதிகாரம் உள்ள ஆபீசர் ஒத்துக்கிட்டா அந்த வழி தொறந்திருக்கு. ஊர்ல மரநாய், புனுகுப்பூனை, வெருகு (காட்டுப்பூனை) எல்லாத்தையும் மாத்தி மாத்தி சொல்லுவாங்க, அதனால தம்பி போய் "நான் புடிச்சது இதுதான்"னு தானா ஒரு பேர சொல்லிறக்கூடாது. தெரியாதுங்கறதுதான உண்மை, அதையே சொல்லட்டும். இனம் என்னன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க வேல.

திங்கக்கிழமை கண்டிப்பா போங்க, ஓடி ஒளியாதீங்க, ஆனா ஒரு வக்கீலோட போங்க. போலீஸ்கிட்ட குடுக்கற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஃபாரஸ்ட்காரங்க போலீஸ் இல்ல, அந்த பாதுகாப்ப நம்பி இங்க பேசக்கூடாது. உதவி வனப்பாதுகாவலர் அந்தஸ்துக்கு கொறையாத அதிகாரி, குத்தம் சாட்டப்பட்டவர் முன்னாடி வெச்சு பதிவு பண்ற சாட்சியம் பிரிவு 50(8), 50(9) படி கோர்ட்ல எடுபடும். அதனால படிச்சு பாக்காம எதுலயும் கையெழுத்து வேணாம், வெத்து பேப்பர்ல சுத்தமா வேணாம். தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு அரசியல் சட்டம் 20(3) சொல்லுது, அது தம்பிக்கும் உண்டு. அதுக்காக பொய் சொல்ல சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, பொய் சொன்னா வீடியோவே காட்டிக் குடுத்துரும்.

அந்த வீடியோவ அழிச்சிரலாமான்னு யோசிச்சிருப்பீங்க. அழிக்காதீங்க அக்கா, ஆதாரத்த அழிச்சாங்கன்னு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) பிரிவு 238ம் சேந்து வந்துரும். அதுவும் இல்லாம அந்த வீடியோல மிருகம் நல்லா ஓடிப்போறது தெரியுதுன்னா அது தம்பிக்கு சாதகமான ஆதாரமும் கூட, எந்த காயமும் பண்ணல, விக்கல, திங்கலன்னு காட்ட அதவிட வேற என்ன இருக்கு. கூண்டையும் பைக்கையும் கைப்பத்த வாய்ப்பிருக்கு, அப்படி எடுத்தா மகஜர் (என்னென்ன எடுத்தாங்கன்னு எழுதற பதிவு) நகல் கேளுங்க. ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள அனுமதி இல்லாம போனதையும் தனியா சேக்கலாம், எங்க விட்டான்னு கேட்டா வக்கீல்கிட்ட கலந்துட்டு பதில் சொல்லட்டும்.

கைது பண்ணிருவாங்களோங்கற பயம்தான் உங்க லெட்டர் பூரா இருக்கு. 7 வருசம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தத்துல எடுத்தவுடனே கைது பண்றதுக்கு பதிலா நோட்டீஸ் குடுத்து விசாரிக்கணும்ங்கறதுதான் புது குற்ற நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 35(3)ல இருக்கற வழி, ஆனாலும் மனசு ஒப்பலன்னா திண்டுக்கல் செசன்ஸ் கோர்ட்லயோ ஹைகோர்ட் மதுரை கிளையிலயோ முன்ஜாமீன் போடலாம், அதே சட்டம் பிரிவு 482. இதுக்கு முன்னாடி எந்த கேஸும் இல்லாத, படிக்கற பையன், மிருகத்துக்கு காயம் இல்ல, இதெல்லாம் எடுத்து வைக்க நல்ல விஷயங்கள். வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, வருமானம் கம்மியா இருந்தா இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க.

இனி கோழிக்கு வருவோம். இனிமே கூண்டு, சுருக்கு கம்பி, அவுட்டுக்காய் (இரைக்குள்ள வைக்கற நாட்டுவெடி), குருணை மருந்து எதையும் யாரு சொன்னாலும் தொடாதீங்க. மருந்து வெச்ச கறிய பக்கத்து வீட்டு நாய் தின்னு செத்தா அதுக்கு நியாய சன்ஹிதால 325னு தனி பிரிவு, 5 வருசம் வரைக்கும். வீட்டு லைன்ல இருந்து கம்பிக்கு கரண்ட் குடுக்கறது இன்னும் கொடுமை, அதுல தண்ணிக்கு போன சின்னப்புள்ள தொட்டுருச்சுன்னா உயிரும் போயிரும், நீங்களும் மனுசன கொன்ன கேஸ்ல நிப்பீங்க, இந்த மாதிரி கேஸ் கட்டு ஒண்ணு கையில எடுத்துட்டு நான் பல நாள் தூங்கல. சோலார் வேலி போடறதா இருந்தாலும் காட்ட ஒட்டுன எடத்துல பதிவு பண்ணித்தான் போடணும், அதுக்கு 2023ல தமிழ்நாடு அரசு விதிகளே கொண்டுவந்திருக்கு.

சட்டம் கொஞ்சமும் தடுக்காத ஒண்ணு நல்ல கூடு. கோழிவலைன்னு கடையில குடுக்கற மெல்லிசு கம்பிய மரநாய் பிச்சு எறிஞ்சிரும், அரை இஞ்சு வெல்ட் மெஷ் வாங்குங்க, சுத்தி ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்கி பொதைங்க, கீரி தோண்டிட்டு வர்றது நிக்கும். மேலயும் மூடணும், இதுங்க மரம் ஏறும், ஓடு நகத்தும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாப்பா போட்டு பூட்டுங்க. பொழுது சாயறதுக்குள்ள அடைச்சிருங்க, பகல்ல வல்லூறு தொல்லைக்கு குஞ்சுகள பஞ்சாரத்துக்குள்ள போட்டு வைங்க. கூட்ட ஒட்டி சாயற மரக்கிளைய வெட்டிருங்க, சாப்பாட்டு மிச்சத்த ராத்திரி வெளிய போடாதீங்க, மொதல்ல அதுக்குத்தான் அது வருது.

இதையெல்லாம் தாண்டியும் வந்துச்சுன்னா வனச்சரகர் ஆபீசுக்கு எழுத்துல மனு குடுங்க, புடிக்கறதுன்னா அவங்க புடிக்கட்டும். ரெண்டாவது அட்டவணை மிருகம் சொத்துக்கு ஆபத்துன்னா எழுத்துமூலமா அனுமதி குடுக்கற அதிகாரம் பிரிவு 11(1)(பி) படி தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு இருக்கு, வேற யாரு வாய்வார்த்தையா சொன்னாலும் செல்லாது. மலைப்பாம்பு கூட்டுக்குள்ள படுத்திருந்தாலும் இதேதான், அது மொதல் அட்டவணை, தடிய எடுக்காம ஃபாரஸ்டுக்கோ ஃபயர் சர்வீசுக்கோ போன் பண்ணுங்க.

செத்த பதினாலு கோழிக்கும் சேத்து அந்த மனுலயே நிவாரணம் கேளுங்க. கேட்டா கெடைக்குமான்னு சலிச்சுக்காதீங்க, காங்கயம் பக்கம் தெருநாய் கடிச்சு ஆடு செத்தப்ப விவசாயிங்க விடாம போராடித்தான் 2025ல அரசு நிவாரணம் குடுத்துச்சு, அதுல கோழியும் இருந்துச்சு. இனிமே ஒரு கோழி செத்தாலும் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க, கால்நடை டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்குங்க, விஏஓவுக்கு ஒரு நகல் குடுத்து ரசீது வாங்கி வைங்க. இதுவரைக்கும் செத்ததுக்கு போட்டோ இருந்தா திங்கக்கிழமை வக்கீல்கிட்ட குடுங்க, பையன் எதுக்காக கூண்டு வெச்சான்னு காட்ட அது தேவைப்படும்.