ஏழு நிமிடம் மூடிய கேட்

கேள்வி: பிரசவ வலியில் துடித்த தங்கையைக் காரில் அழைத்துப் போனேன். ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போனது. சரக்கு ரயில் இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று சட்டம் போட முடியாதா?

பதில்: போட்டார்கள் அம்மா. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1912-லேயே சரக்கு ரயிலுக்கு 70 பெட்டிதான் என்று விதித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு அது பாரம் என்று 1945-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீளம் குறைந்தால் ரயில்கள் கூடும், அதனால் விபத்தும் கூடும் என்பது அங்கே எழுந்த வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் 2022-ல் நம் நாட்டில் ஓடிய சூப்பர் வாசுகி என்ற சரக்கு ரயிலுக்கு 295 பெட்டி, 3.5 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது கேட்டைக் கடக்க ஏழு நிமிடம் ஆகும்.

நான் கூட்ஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் பயந்தது பிரேக்கை நினைத்துத்தான். வண்டி நெடுக ஓடும் பிரேக் பைப்பில் காற்றழுத்தம் குறைந்தால்தான் பிரேக் பிடிக்கும்; அழுத்தம் குறையும் அந்தச் சேதி ஒலியைவிட வேகமாகப் போகாது. இன்ஜின் முன்னால் மட்டும் இருந்தால், அத்தனை நீள வண்டியின் கடைசிப் பெட்டிக்கு அது போய்ச்சேரப் பத்து விநாடிக்கு மேலாகும். முன்பெட்டிகள் பிடித்துக்கொள்ளும், பின்பெட்டிகள் வந்து மோதும். அந்த ஜெர்க்கை முதுகெலும்பு மறக்காது. நடுவிலும் இன்ஜின் சேர்த்தால் இது வெகுவாகக் குறையும்.

பெட்டிகளைக் கோக்கும் வரிசையும் முக்கியம். 2017-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஹைண்ட்மனில் 178 பெட்டி ரயில் இறக்கத்தில் தடம்புரண்டது. காலிப் பெட்டிகளை முன்னால் கோத்து, அவற்றில் கைபிரேக்கும் போட்டிருந்தார்கள். பின்னாலிருந்த பாரம் தள்ளியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இன்னொன்று, வண்டி நின்றுவிட்டால்? ஒருமுறை மழை இரவில் பிரேக் பைப் கழன்ற இடத்தைத் தேடி, டார்ச்சோடு சரளைக் கல்லில் 58 பெட்டி நீளமும் நடந்து திரும்பினேன். முக்கால் மணிநேரம். அதுவரை கேட்டில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

எல்லாத் தடத்துக்கும் ஒரே எண் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இறக்கம், வளைவு, வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் நீளம், பெட்டி வரிசை எல்லாம் பார்த்துத் தடத்துக்குத் தடம் வரம்பு வேண்டும். கேட் இத்தனை நிமிடத்துக்கு மேல் மூடியிருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் எழுத்தில் இருக்க வேண்டும். மனு எழுதினால் கேட் எண்ணையும், மூடிய நேரம், திறந்த நேரத்தையும் குறிப்பிடுங்கள். மருத்துவமனைச் சாலைக்கு மேம்பாலம் கேளுங்கள். பாலம் வரும்வரை அந்தத் தடத்தில் நீள வண்டியை இரண்டாகப் பிரித்து ஓட்டச் சொல்லுங்கள்.