பிளை தூண்டில்: உங்கட கேள்வியளுக்குப் பதில்

மாங்குளத்தில இருந்து ஒரு தம்பி: அண்ணை, சாதாரண தூண்டில் தடியில பிளையைக் கட்டி எறிஞ்சன், காலடியிலதான் விழுது. ஏன்?

பிளைக்கு எங்க தம்பி பாரம், பூச்சி மாதிரித் தெரிய முள்ளில கட்டின ஒரு கோழி இறகும் கொஞ்ச நூலும்தானே. வழமையில ஈயக்குண்டுதான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும், இதில லைன் எண்ட தடிச்ச கயிறுதான் பாரம், அதுதான் பிளையைக் கொண்டு போகுது. 5 நம்பர் லைன் எண்டால் முன்பக்க 30 அடி கிட்டத்தட்ட 9 கிராம் வரும், தடியும் அதே நம்பரா இருக்கோணும். தொடங்க 9 அடித் தடி காணும்.

முள்ளியவளை: பின்னுக்கு எறியேக்க சாட்டை மாதிரி சத்தம் கேக்குது, பேந்து பாத்தால் பிளையைக் காணேல்லை!

லைன் பின்னுக்கு நிமிர முதலே முன்னுக்கு இழுக்கிறியள், வேறொண்டுமில்லை. பக்கத்தில ஒரு மணிக்கூடு இருக்கெண்டு நினையுங்கோ, முன்னுக்கு 10 மணி, பின்னுக்கு 1 மணி, ரெண்டிலயும் தடியை டக்கெண்டு நிப்பாட்டோணும், நிப்பாட்டினால்தான் வளைஞ்ச தடியின்ர விசை லைனுக்குப் போகும், இல்லாட்டி எவ்வளவு பலமா வீசினாலும் புல்லுக்குள்ளதான். கனபேர் மணிக்கட்டை மடக்கிறதாலதான் தடி பின்னுக்குப் படுக்குது. நான் பழகேக்க தடியின்ர அடியைச் சட்டைக் கைக்குள்ள விட்டு ரப்பர் பாண்ட் போட்டனான், பாத்தவை எல்லாம் சிரிச்சவை, ஆனா ஒரு கிழமையில கை திருந்திட்டுது. முள் வேண்டாம், சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டி பள்ளிக்கூடக் கிரவுண்டில பழகுங்கோ, திரும்பி லைன் நிமிருறதைப் பாருங்கோ. நான் பொறுக்கேலாம நேர குளக்கட்டுக்குப் போய் என்ர காதுச்சோணையைத்தான் முதல் பிடிச்சனான்.

இரணைமடுக் குளத்தில சோளகக் காத்து அடிக்கேக்க என்ன செய்யிறது?

காத்து நேர முகத்துக்கெண்டால் பின்னெறியைக் கொஞ்சம் உயத்தி, முன்னெறியைத் தண்ணியோட பதிச்சு விடுங்கோ, லீடரையும் (லைனுக்கும் பிளைக்கும் இடையில கட்டுற மெல்லிய தங்கூசி) கட்டையாக்குங்கோ. வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் காத்துத்தான் கூடாது, பிளை முகத்துக்கு வரும், இடத்தோளுக்கு மேலால எறியுங்கோ. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

பின்னால முழுக்கப் பத்தை?

ரோல் காஸ்ட். லைனைத் தண்ணியில கிடத்தி மெதுவா இழுத்து, தோளுக்குப் பின்னால தொங்க விட்டு முன்னுக்கு வெட்டோணும். இதைப் புல்லில பழகேலாது, தண்ணி லைனைப் பிடிச்சால்தான் வரும்.

ட்ரவுட் இல்லாத இடத்தில இது தேவையோ?

வெள்ளைக்காரன் ட்ரவுட்டைக் கொண்டுபோய் விட்டது மலைநாட்டுக் குளிர்த் தண்ணியில. எங்களுக்கு 1952இல வந்த திலாப்பியா இருக்கு, விராலும் இருக்கு. விராலுக்கு 8 நம்பர் தடி எடுங்கோ, பழைய பாட்டா செருப்பை வெட்டித் தவளை மாதிரிக் கட்டி, தாமரை இலை இடுக்கில ஒரு சாண் பிசகாம விழுத்தோணும், இங்கதான் எறியிற கை வேலை செய்யும். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோட நிண்டால் விட்டிடுங்கோ.

படத்தில மாதிரி இடுப்புத் தண்ணியில நிண்டு எறியலாமோ?

முதலை இருக்கிற குளத்திலயோ? கட்டில நிண்டு எறியப்பா!